மலிவு விலை மென்பொருள் உரிமம்: சேமிப்பா, சுமையா?

அமெரிக்காவில் விண்டோஸ் 11 இயங்குதளத்தின் வீட்டுப் பதிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 139 டாலருக்கும், தொழில்முறைப் பதிப்பை ஏறத்தாழ 200 டாலருக்கும் விற்கிறது. இந்திய மதிப்பில் இவை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும் தொகைகள். அதே தொழில்முறைப் பதிப்பை இயக்குவதற்கான 25 எழுத்துகள் கொண்ட சாவியைச் சில நூறு ரூபாய்க்குத் தருவதாகக் கூறும் விற்பனையாளர்கள் இணையத்தில் நிறைந்திருக்கிறார்கள். 'அசல்', 'வாழ்நாள் முழுவதும்', 'உடனடி மின்னஞ்சல்' என்ற மூன்று சொற்களும் அநேகமாக எல்லா விளம்பரங்களிலும் இருக்கும். எழுத்துப் பணிக்கான ஆஃபீஸ் தொகுப்பு, படங்களைத் திருத்தும் மென்பொருள், வைரஸ் தடுப்பு மென்பொருள் என்று இந்தச் சந்தையில் கிடைக்காதது எதுவும் இல்லை.

"சார், இதை வாங்கலாமா?" என்று என்னுடைய முன்னாள் மாணவர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் கணக்குத் தணிக்கை அலுவலகம் நடத்துபவர் உண்டு. அச்சகம் வைத்திருப்பவர் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருப்பவரும் உண்டு. கணினியியல் என் துறையன்று. ஆனால், இந்தக் கேள்வியின் வேர் கணினியில் இல்லை. ஒரே பொருளுக்கு இருபது மடங்கு வேறுபாட்டில் இரண்டு விலைகள் எப்படி நிலவ முடியும், அந்த வேறுபாட்டை யார் சுமக்கிறார்கள் என்பது பொருளாதாரக் கேள்வி. அந்தக் கோணத்தில் இதை விளக்க முடியும் என்று கருதுகிறேன்.

பொருளா, அனுமதியா?

முதலில், நாம் வாங்குவது என்ன என்பதில் தெளிவு வேண்டும். கடையில் ஒரு புத்தகம் வாங்கினால் அந்தப் படி நமக்குச் சொந்தம். படித்து முடித்தபின் நண்பருக்குக் கொடுக்கலாம். பழைய புத்தகக் கடையில் விற்கலாம். 1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகக் கூறியது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், ஒரு நாவலை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று புத்தகத்திலேயே அச்சிட்டிருந்தது. மேசீஸ் அங்காடியை நடத்தியவர்கள் அதை 89 சென்ட்டுக்கு விற்றார்கள். முதல் விற்பனை முடிந்த பிறகு அந்தப் படியின் விலையைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பதிப்பாளருக்கு இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 'முதல் விற்பனைக் கோட்பாடு' இவ்வாறு நிலைபெற்றது.

மென்பொருளில் நிலைமை வேறு. நாம் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே. யார் பயன்படுத்தலாம், எத்தனைக் கணினிகளில் நிறுவலாம், எந்த நாட்டில் இயக்கலாம், பிறருக்கு மாற்றித் தரலாமா என்பவையெல்லாம் அந்த அனுமதியின் நிபந்தனைகள். இந்தியாவிலும் இதில் இரண்டு முகங்கள் உண்டு. 2004-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் வழக்கில், ஆயத்த மென்பொருள் விற்பனை வரி நோக்கில் ஒரு 'சரக்கு' என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2021-இல் என்ஜினியரிங் அனாலிசிஸ் சென்டர் வழக்கில், மென்பொருளை வாங்குபவருக்குப் பதிப்புரிமையில் எந்தப் பங்கும் கைமாறுவதில்லை, வரையறுக்கப்பட்ட பயன்பாட்டு அனுமதியே கிடைக்கிறது என்று விளக்கியது. இரண்டும் வரி தொடர்பான வழக்குகள்தான். என்றாலும், கையிலிருக்கும் குறுந்தகடு வேறு, அதிலுள்ள நிரலின் மீதான உரிமை வேறு என்ற பாகுபாடு அவற்றிலிருந்து தெளிவாகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகிறது. 25 எழுத்துச் சாவி என்பது உரிமம் அன்று. அது பூட்டைத் திறக்கும் கருவி. திருடிய சாவியும் பூட்டைத் திறக்கும். 'சாவி வேலை செய்தது. ஆகவே என் மென்பொருள் சட்டப்படியானது' என்று பலர் நினைக்கிறார்கள். சாவி ஏற்கப்பட்டதற்கும் உரிமம் உங்களுடையது என்பதற்கும் தொடர்பு இல்லை.

ஒரே பொருளுக்கு ஏன் பல விலை?

மென்பொருளை உருவாக்குவதற்குப் பெருஞ்செலவு ஆகிறது. உருவாக்கிய பிறகு இன்னொரு படியை அளிப்பதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய சுழி. பொருளாதாரத்தில் இதை இறுதிநிலைச் செலவு என்கிறோம். இறுதிநிலைச் செலவு சுழியாக இருக்கும் பொருளுக்கு ஒரே விலை வைத்தால் விற்பவருக்கு நட்டம். விலை உயர்ந்தால் மாணவர் வாங்கமாட்டார். தாழ்ந்தால் வசதியுள்ள நிறுவனத்திடமிருந்து வரக்கூடிய வருவாய் போய்விடும். எனவே, வாங்குபவரின் சக்திக்கேற்ப வெவ்வேறு விலை வைக்கிறார்கள். ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ, 1920-இல் வெளியிட்ட நலப் பொருளாதார நூலில் வகைப்படுத்திய 'விலைப் பாகுபாடு' இதுதான்.

இது நமக்குப் புதிதன்று. ஒரே பேருந்தில் முழுக் கட்டணம் கொடுத்தவரும் பயண அட்டை வைத்திருக்கும் பள்ளி மாணவரும் அருகருகே அமர்ந்து செல்கிறார்கள். அந்த அட்டையை மாணவர் ஓர் அலுவலருக்கு விற்றால் என்ன ஆகும்? அட்டை அசல்தான், போக்குவரத்துக் கழகம் அச்சிட்டதுதான். ஆனால், அந்த அலுவலர் பயணச் சீட்டில்லாமல் பயணம் செய்தவராகவே கருதப்படுவார். மலிவு விலைச் சாவிகளில் பெரும்பகுதி இப்படிக் கைமாறிய சலுகை அட்டைகள்தாம்.

மலிவுச் சாவிகளின் பிறப்பிடம்

இந்தச் சாவிகள் வரும் வழிகளை ஆறாகப் பிரிக்கலாம்.

முதலாவது, பழைய கணினிகள். கணினி உற்பத்தியாளர்களுக்கு மிகக் குறைந்த விலையில் வழங்கப்படும் உரிமம், அந்தக் கணினியோடு பிணைக்கப்பட்டது. கணினி பழைய இரும்புக்குப் போகும்போது அதன் சாவியைப் பிரித்தெடுத்து விற்கிறார்கள். நிபந்தனைப்படி அந்த உரிமம் அந்தக் கணினியோடு முடிந்துவிடுகிறது.

இரண்டாவது, நிறுவனங்களுக்கான மொத்த உரிமம். இதில் ஒரே சாவியைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கணினிகளில் செயல்படுத்த முடியும். யாரோ ஓர் ஊழியர் அல்லது இடைத்தரகர் அதை வெளியே கொண்டுவந்து ஒவ்வொன்றாக விற்கிறார். எண்ணிக்கை தீர்ந்ததும் அடுத்தவருக்கு வேலை செய்யாது. முறைகேடு தெரியவந்தால் அந்தச் சாவியே முடக்கப்படும். மொத்த உரிமத்தில் இன்னொரு வகையும் உண்டு. அதில் ஒவ்வொரு கணினியும் நிறுவனத்தின் சர்வருடன் தொடர்புகொண்டு தன் செயலாக்கத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை பெற்ற செயலாக்கம் 180 நாள்களுக்கே செல்லும். வாழ்நாள் என்று வாங்கியது ஆறே மாதத்தில் முடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, நாடுகளுக்கிடையிலான விலை வேறுபாடு. வருமானம் குறைந்த நாட்டுக்கென்று குறைந்த விலையில் விற்கப்பட்டதை வேறு நாட்டில் விற்பது. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பலவற்றில் இந்த நாட்டு எல்லை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

நான்காவது, மாணவர்களுக்கும் நிரலாளர்களுக்கும் சோதனைக்காகவும் படிப்புக்காகவும் வழங்கப்படும் சாவிகள். இவற்றை விற்பதே நிபந்தனை மீறல்.

ஐந்தாவது, திருட்டுக் கடன் அட்டை. திருடப்பட்ட அட்டை எண்ணைக் கொண்டு சாவிகளை வாங்கி, உடனே பாதி விலைக்கு விற்றுப் பணமாக்கிவிடுகிறார்கள். அட்டையின் உண்மையான உரிமையாளர் வங்கியில் புகார் செய்ததும், வங்கி அந்தத் தொகையை விற்றவரிடமிருந்து திரும்பப் பெறுகிறது. மென்பொருளை உருவாக்கியவருக்குப் பணமும் இல்லை, சாவியும் இல்லை. மேற்கொண்டு வங்கிக் கட்டணமும் சேர்கிறது.

ஆறாவது, எந்த உரிமமும் இல்லாதது. விற்பவர் ஒரு சிறு நிரலை அனுப்பி அதை இயக்கச் சொல்வார். அல்லது தொலைவிலிருந்து உங்கள் கணினியைத் தானே இயக்கிச் 'சரிசெய்து' தருவார். இது விலை கொடுத்து வாங்கிய திருட்டுப் பிரதி.

ஐந்தாவது வழி கற்பனையன்று. கணினி விளையாட்டுகளின் சாவிகளை விற்கும் ஜி2ஏ என்ற இணையச் சந்தையில், ஃபேக்டோரியோ என்ற விளையாட்டின் முறைகேடான சாவிகள் விற்கப்பட்டதாக அதை உருவாக்கிய வூப் என்ற சிறு நிறுவனம் புகார் கூறியது. தணிக்கையில் 198 சாவிகள் அவ்வாறு விற்கப்பட்டது உறுதியாகி, 2020-இல் அந்தச் சந்தை ஏறத்தாழ 40,000 டாலர் இழப்பீடு வழங்கியது. 2015 ஜனவரியில், திருட்டு அட்டைகளால் வாங்கப்பட்டவை என்று கூறி யூபிசாஃப்ட் நிறுவனம் சில விளையாட்டுச் சாவிகளை முடக்கியது. விலை கொடுத்தவர்கள் ஒரு நாள் விழித்தெழுந்தபோது தங்கள் விளையாட்டு மறைந்திருந்ததைக் கண்டார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு ஏற்கெனவே விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் அந்நிறுவனம் அவற்றைத் திருப்பித் தந்தது. அது சட்டக் கடமையால் நிகழ்ந்ததன்று, பெருந்தன்மையால் நிகழ்ந்தது. பெருந்தன்மையை நம்பி யாரும் தொழில் நடத்த முடியாது.

நீதிமன்றங்கள் சொல்வது

மலிவு விற்பனையாளர்கள் பலர், 'ஐரோப்பிய நீதிமன்றமே அனுமதித்திருக்கிறது' என்று கூறுவதுண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. 2012 ஜூலை 3 அன்று, யூஸ்டுசாஃப்ட் நிறுவனத்துக்கும் ஆரக்கிள் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், கால வரையறையின்றி விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இணையம் வழியாகத் தரவிறக்கம் செய்ததற்கும் இது பொருந்தும் என்றது. ஆனால், இரண்டு நிபந்தனைகள் உண்டு. விற்பவர் தன்னிடமுள்ள பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும். நூறு பேருக்கான மொத்த உரிமத்தை வாங்கியவர், தனக்குத் தேவையில்லாத ஐம்பதை மட்டும் பிரித்து விற்கக் கூடாது. சில நூறு ரூபாய்ச் சாவியை விற்பவர்களில் எத்தனை பேர் இந்த இரு நிபந்தனைகளும் நிறைவேறியதற்குச் சான்று தருவார்கள்? 2016-இல் அதே நீதிமன்றம், அசல் தட்டு பழுதானாலும்கூட உரிமையாளரின் அனுமதியின்றிக் காப்புப் பிரதியை விற்க முடியாது என்றும் கூறியது.

அமெரிக்காவில் நிலை நேர்மாறானது. 2010-இல் வெர்னர் என்பவருக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், மாற்றித் தரக் கூடாது என்ற நிபந்தனையோடு உரிமம் பெற்றவர் அந்தப் பிரதியின் உரிமையாளர் அல்லர். எனவே, அதை மறுவிற்பனை செய்ய அவருக்கு உரிமையில்லை என்று ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. உரிமையை மீறிய நிரல் என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவது 63-பி பிரிவின்படி குற்றம். ஏழு நாள்களுக்குக் குறையாத, மூன்று ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆதாய நோக்கமோ வணிக நோக்கமோ இல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சட்டமே வீட்டையும் தொழிலகத்தையும் வேறுபடுத்திப் பார்க்கிறது என்பது கவனிக்கத் தக்கது. 'அறிந்தே' என்ற சொல் வாங்குபவருக்குப் பாதுகாப்பு போலத் தோன்றும். ஆனால், பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளை அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய ஓர் அலுவலகம், எதையும் அறியாமல் வாங்கினோம் என்று சொல்வது எளிதில் எடுபடும் வாதமாக எனக்குத் தோன்றவில்லை.

பழுதுச் சரக்குச் சந்தை

1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் எழுதிய ஒரு சிறு கட்டுரை பொருளியல் சிந்தனையையே திருப்பியது. பின்னர் 2001-இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பழைய கார்ச் சந்தையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். காரின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எனவே வாங்குபவர் நல்ல காருக்கும் சராசரி விலையே தர முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாரும் வரமாட்டார்கள். கடைசியில் சந்தையில் பழுதான கார்களே எஞ்சும்.

மலிவுச் சாவிச் சந்தை இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. பழைய காரையாவது ஓட்டிப் பார்க்கலாம், மெக்கானிக்கிடம் காட்டலாம். 25 எழுத்துகளைப் பார்த்து அவை எங்கிருந்து வந்தன என்று எந்த வல்லுநராலும் சொல்ல முடியாது. அதைவிடச் சிக்கல், சரக்கின் குறை வாங்கிய அன்றே தெரிவதில்லை என்பது. சாவி முதல் நாள் வேலை செய்கிறது. மகிழ்ந்த வாடிக்கையாளர் அன்றே ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார். எட்டு மாதம் கழித்து அது முடங்கும்போது விற்பனையாளரின் பெயரே மாறியிருக்கும். ஆகவே, இந்தச் சந்தையில் வாடிக்கையாளர் மதிப்பீடுகள் தரத்தைக் காட்டுவதில்லை. முதல் நாள் அனுபவத்தை மட்டுமே காட்டுகின்றன. 'ஆயிரம் பேர் வாங்கியிருக்கிறார்களே' என்ற வாதத்துக்கு இதுவே பதில்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அறவுரையை ஒதுக்கிவிட்டு வெறும் கணக்காகவே பார்ப்போம். பின்வருபவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஒரு மென்பொருளின் முறையான விலை 12,000 ரூபாய். மலிவுச் சாவி 600 ரூபாய். வீட்டில் ஒரு கணினி வைத்திருப்பவர் மலிவுச் சாவியை வாங்கி, அது ஓராண்டில் முடங்கினாலும் இழப்பு 600 ரூபாயும் கொஞ்சம் எரிச்சலும்தான். ஆண்டுக்கொரு முறை புதிதாக வாங்கினால்கூட, பத்தாண்டுகளில் 6,000 ரூபாயே ஆகும். பணக் கணக்கில் மட்டும் பார்த்தால் மலிவுச் சாவியே வெல்கிறது. இந்த உண்மையை மறைத்துவிட்டு 'ஆபத்து, ஆபத்து' என்று கூவுவதால்தான் எச்சரிக்கைகளை யாரும் நம்புவதில்லை.

இப்போது ஐந்து கணினிகள் கொண்ட ஒரு தணிக்கை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். முறையான செலவு 60,000. மலிவுச் செலவு 3,000. சேமிப்பு 57,000 ரூபாய். ஆண்டுக் கணக்குகளைத் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் கணினிகள் முடங்கினால், வேலை இழப்பு, கோப்புகளை மீட்கும் செலவு, விலகிப்போகும் வாடிக்கையாளர், சட்டச் செலவு எல்லாம் சேர்த்து 6 லட்சம் ரூபாய் இழப்பு என்று கொள்வோம். 57,000-ஐ 6 லட்சத்தால் வகுத்தால் 9.5 விழுக்காடு. அதாவது, அப்படி ஒரு விபத்து நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் பத்து என்றாலே மலிவுச் சாவி நட்டக் கணக்கு.

இதிலும் 57,000 என்பது மிகைப்படுத்தப்பட்ட சேமிப்பு. முறையான ரசீதோடு வாங்கும் மென்பொருளுக்கான 18 விழுக்காடு ஜிஎஸ்டியை, பதிவு பெற்ற தொழில் நிறுவனம் உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். மென்பொருளுக்கு 40 விழுக்காடு தேய்மானமும் வருமான வரிக் கணக்கில் அனுமதிக்கப்படுகிறது. 30 விழுக்காடு வரி செலுத்துபவருக்கு 60,000 ரூபாயில் சுமார் 18,000 ரூபாய் சில ஆண்டுகளில் வரிக் குறைவாகத் திரும்பிவிடும். அப்போது உண்மையான சேமிப்பு 39,000. விபத்துக்கான வாய்ப்பு நூற்றில் ஏழு என்றாலே நட்டம். ரசீது இல்லாத மலிவுச் சாவியில் இந்தச் சலுகைகள் எதுவும் இல்லை.

விலையில் சேராத செலவு

வீட்டுக் கணக்கு மலிவுச் சாவிக்குச் சாதகமாக இருப்பதாகச் சொன்னேன். அந்தக் கணக்கில் சேராத ஒன்று இருக்கிறது: கணினிக்குள் நாம் வைத்திருப்பவற்றின் மதிப்பு.

சாவி வேலை செய்ய வேண்டுமென்று விற்பவர் அனுப்பும் சிறு நிரல் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாது. விண்டோஸையும் ஆஃபீஸையும் முறைகேடாகச் செயல்படுத்தும் கே.எம்.எஸ்.பிகோ என்ற நிரலின் நிறுவல் கோப்புகளோடு, கடவுச்சொற்களையும் பணப்பை விவரங்களையும் திருடும் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் பரப்பப்படுவதாக 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வெளிப்படுத்தியது. இத்தகைய நிரல்களை இயக்குமுன் வைரஸ் தடுப்பை அணைத்துவிடச் சொல்வது இந்த வணிகத்தின் வழக்கம். வாயிற்காவலரை விடுப்பில் அனுப்பிவிட்டு அறிமுகமில்லாதவரை வீட்டுக்குள் அழைப்பதற்கு ஒப்பானது இது. அந்தக் கணினியில்தான் நாம் வங்கிக் கணக்கையும் திறக்கிறோம்.

இதைவிட நுட்பமானது 'வாழ்நாள் ஆஃபீஸ் 365 கணக்கு'. ஐந்து கணினிகளில் பயன்படுத்தலாம். 5 டெராபைட் சேமிப்பிடமும் உண்டு என்று இதை விற்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு நாட்டிலுள்ள கல்வி நிறுவனத்தின் பெயரில் உருவாக்கப்பட்ட கணக்குகள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் விற்பவர் தருவார். அந்தக் கணக்கின் நிர்வாகி வேறொருவர். அவர் நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம், உள்ளேயிருக்கும் கோப்புகளைப் பார்க்கலாம், கணக்கையே அழிக்கலாம். எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவி, நான்காண்டுக் களப்பணித் தரவுகளை இப்படிப்பட்ட ஒரு கணக்கில் வைத்திருந்தார். ஒரு நாள் அந்தக் கணக்கு இல்லை. விற்றவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தது. தொண்ணூறு நேர்காணல்களில் முப்பதைத் தாளில் எழுதி வைத்திருந்ததால் அவை மட்டும் மிஞ்சின. அவர் கொடுத்த விலை 799 ரூபாய். இழந்ததற்கு விலை போட முடியாது. அவரிடம் பேசிய மூதாட்டிகள் சிலர் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

தள்ளுபடி எல்லாம் மோசடியா?

அல்ல. விலைப் பாகுபாட்டின் நல்ல பக்கமும் உண்டு. அதை உரிய வழியில் பெறலாம். கல்வி நிறுவன மின்னஞ்சல் முகவரி உள்ள மாணவர்களும் ஆசிரியர்களும், தங்கள் நிறுவனம் பதிவு செய்திருந்தால், ஆஃபீஸின் இணையவழிப் பதிப்பைக் கட்டணமின்றிப் பெற முடியும். ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்குத் தன் வடிவமைப்பு மென்பொருள்களை இலவசமாகவே தருகிறது. ஆண்டுதோறும் மாணவர் என்பதை உறுதிப்படுத்த வேண்டும். புதிய பதிப்பு வரும்போது பழைய பதிப்பின் விலை குறைவதும், பண்டிகைக் காலத்தில் உற்பத்தியாளரே தள்ளுபடி அறிவிப்பதும் இயல்பானவை. புதிய மடிக்கணினியோடு விண்டோஸ் பெரும்பாலும் சேர்ந்தே வருகிறது. அதற்கு இன்னொரு சாவி வாங்கத் தேவையே இல்லை.

பிரித்தறிவதற்குச் சில அடையாளங்களைச் சொல்லலாம். தள்ளுபடி அளிப்பவர் உற்பத்தியாளரா, அவரால் பட்டியலிடப்பட்ட விற்பனையாளரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி எண்ணுடன் ரசீது தர வேண்டும். விற்பவரின் பெயரும் முகவரியும் குறைதீர் அலுவலரின் விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் கூறுகின்றன. உரிமம் உங்கள் பெயரில், உங்கள் சொந்தக் கணக்கில் பதிவாக வேண்டும். வைரஸ் தடுப்பை அணைக்கச் சொன்னாலோ, தொலைவிலிருந்து கணினியை இயக்க அனுமதி கேட்டாலோ, பிறர் பெயரிலுள்ள கணக்கைக் கொடுத்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். பணமோ கடவுச்சொல்லோ திருடப்பட்டிருந்தால் தாமதமின்றி 1930-ஐ அழைக்க வேண்டும்.

ஒப்பிட வேண்டிய விலை

மலிவுச் சாவியை வாங்குபவர் செய்யும் ஒப்பீட்டிலேயே ஒரு குறை இருக்கிறது. அவர் 600 ரூபாயை 12,000 ரூபாயோடு ஒப்பிடுகிறார். பொருளியல் மாணவருக்கு முதல் வகுப்பில் நாங்கள் சொல்லித்தருவது, அடுத்த சிறந்த மாற்றோடு ஒப்பிட வேண்டும் என்பது. அந்த மாற்றின் விலை பெரும்பாலும் சுழி.

2010 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் லிப்ரே ஆஃபீஸ், கடிதமும் கணக்கேடும் ஆய்வேடும் எழுதப் போதுமானது. மைக்ரோசாஃப்டே வேர்டு, எக்செல் ஆகியவற்றின் எளிய வடிவங்களை உலாவி வழியாக இலவசமாகத் தருகிறது. படத் திருத்தத்துக்கு கிம்ப் இருக்கிறது. நம் அச்சகங்கள் பல, 2001-இல் கடைசியாக வெளிவந்த பேஜ்மேக்கர் 7 பதிப்பையும் பழைய எழுத்துருக்களையும் நீண்ட காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன. இன்று ஒருங்குறித் தமிழில் பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் போன்ற கட்டற்ற மென்பொருள் உதவும். இயங்குதளம் வேண்டுமென்றால் லினக்ஸ் உண்டு. சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் ஒன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிப் பாடம் நடத்துகின்றன. பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பது உண்மை. சில தொழில்களுக்கு இவை போதா என்பதும் உண்மை. போதாத இடத்தில் மட்டும் பணம் கொடுத்து வாங்கினால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

மென்பொருள் நிறுவனங்களின் பக்கம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க வருமானத்துக்கு ஏற்ற விலையை இந்தியச் சிறுதொழிலிடம் கேட்பதும், ஒரு முறை வாங்கினால் போதும் என்ற வழியை அடைத்துவிட்டு மாதச் சந்தாவுக்குத் தள்ளுவதும் நியாயமான முறையீடுகள். 2017-இல் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 விழுக்காடு உரிமமற்றது என்றும், உலகச் சராசரி 37 விழுக்காடு என்றும் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பி.எஸ்.ஏ. தன் ஆய்வில் கூறியது. அது தொழில்துறையின் கணக்கு என்பதை நினைவில் கொண்டாலும், பாதிக்கு மேற்பட்டோர் விதியை மீறும் சந்தையில் விலையும் தவறாக இருக்கிறது என்றே நான் வாசிப்பேன். ஆனால், தவறான விலைக்கான எதிர்ப்பு, திருட்டு அட்டையில் வாங்கிய சாவியை இன்னொரு தரகரிடம் வாங்குவதாக இருக்க முடியாது. அந்த 600 ரூபாயில் ஒரு காசும் இந்திய நுகர்வோரின் பேரத் திறனைக் கூட்டுவதில்லை. கட்டற்ற மென்பொருளுக்கு மாறும் ஒவ்வோர் அலுவலகமும் கூட்டுகிறது. அரசும் பல்கலைக்கழகங்களும், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் மென்பொருளைக் 'கணினிக் கல்வி' என்று கற்பிப்பதை விட்டு, திறனைக் கற்பிக்க முன்வந்தால் விலையும் தானே இறங்கும்.

ஆகவே, கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் மூன்று வரிகளில் அடங்கும். பிறருடைய கணக்கையோ, நோயாளியின் விவரத்தையோ, ஆய்வுத் தரவையோ வைத்திருக்கும் கணினிக்கு மலிவுச் சாவி வேண்டவே வேண்டாம். அங்கே பணயம் வைக்கப்படுவது உங்கள் பணமன்று, உங்களை நம்பியவர்களின் உடைமை. வீட்டுக் கணினிக்கு முதலில் இலவச மாற்றைப் பாருங்கள். பத்தில் எட்டு வேலைகளுக்கு அது போதும் என்பது என் கணிப்பு. அதற்கு மேலும் வேண்டுமென்றால், உங்கள் பெயரில் ரசீது தருபவரிடம், உங்களுக்கு உரிய சலுகை விலையில் வாங்குங்கள். விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்கியது நம்முடையது என்று சொல்ல முடியாத பொருள் மலிவானது ஆகாது.